போர்ட் வைனும் சுருட்டும்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் சில நண்பர்கள் எப்போதாவது ஒரு மாலை கூடி, ஒரு பாட்டில் போர்ட் அல்லது ஷெர்ரி வைன் திறந்து, விருப்பமுள்ளவர்கள் சுருட்டும் பிடிப்பது வழக்கம். புதிதாக யார் வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: அந்த வைன் காற்றோடு எவ்வளவு காலம் பழகியது என்பதில். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. ஃபோர்ட்டிஃபைட் வைன்னா என்ன? வைன்ல சரக்கைக் கலக்கிறதா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் எப்போது கலக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போர்ட்டுக்குத் திராட்சையை மிதித்துப் புளிக்க விடுவார்கள். இரண்டு மூன்று நாளில், சர்க்கரையில் ஏறக்குறைய பாதி சாராயமாக மாறியிருக்கும்போதே, 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றிவிடுவார்கள். நாலு பங்கு சாற்றுக்குச் சுமார் ஒரு பங்கு. ஈஸ்ட் அத்தோடு செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். போர்ட்டின் இனிப்பு திராட்சையின் சொந்த இனிப்பு. கடைசியில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும்.

ஷெர்ரியில் முழுக்கப் புளித்து முடிந்த பிறகுதான் ஸ்பிரிட் சேரும். அதனால்தான் ஃபீனோ என்ற ஷெர்ரியில் இனிப்பே இருக்காது. ‘ஃபோர்ட்டிஃபைட்’ என்றாலே இனிப்பு என்று நினைத்து வருபவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பது இதனால்தான்.

2. கோவாவுல வாங்கின போர்ட் வைன் வீட்டுல இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. போர்ட் வடக்கு போர்ச்சுகலில் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வது. பலகை பலகையாக உடையும் ஷிஸ்ட் பாறைச் சரிவுகளில் படி கட்டிக் கொடி வளர்க்கிறார்கள். 1756இல் பொம்பால் பிரபு இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துச் சட்டம் போட்டார். உலகத்திலேயே மிகப் பழைய வைன் எல்லைகளில் அதுவும் ஒன்று. செய்த வைனை ‘ரபேலோ’ என்ற தட்டையான படகுகளில் ஆற்றோடு இறக்கி, கடலோரத்தில் வில நோவ த காயா என்ற ஊரின் கிடங்குகளில் முதிர வைத்தார்கள். மேலே பள்ளத்தாக்கில் கோடை வாட்டி எடுக்கும், காயாவில் அட்லாண்டிக் காற்று குளிர்ச்சி. இப்போது படகு போய் லாரி வந்துவிட்டது. ஆனால் கிடங்குகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

கோவாவில் அந்தப் பெயரில் விற்பது இனிப்பூட்டிய சிவப்பு வைன். பிடித்திருந்தால் ஐஸ் போட்டுக் குடியுங்கள். அதை வைத்து போர்ட் இப்படித்தான் இருக்கும் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

3. ரூபி, டானி, எல்.பி.வி., விண்டேஜ்னு போட்டிருக்கு. எதுல ஆரம்பிக்கறது?

எல்லாம் ஒரே மாதிரித் திராட்சை, ஒரே செய்முறை. பிரிவது அதற்கப்புறம். காற்று அதிகம் படாமல் பெரிய தொட்டியில் சில காலம் வைத்து பாட்டிலில் அடைத்தால் ரூபி. நிறம் கறுஞ்சிவப்பு, வாயில் பழம்தான் முன்னால் நிற்கும். சுமார் 550 லிட்டர் பிடிக்கும் ‘பைப்’ என்ற மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் விட்டால், மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று பட்டு, சிவப்பு வெளிறி செங்கல் நிறமாகி, பழ வாசனை போய் உலர்பழமும் வறுத்த கொட்டையும் வரும். அது டானி. கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். 10 வருட டானியில் ஓரம் ஆரஞ்சு கலந்திருக்கும், 40 வருட டானியில் பொன் பழுப்பாகியிருக்கும். லேபிளில் உள்ள 10, 20, 30 எல்லாம் துல்லியமான வயது கிடையாது. பல வருட வைன்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய குணம் வந்திருக்கிறது என்று ருசி பார்த்து அனுமதித்த அளவு. ஒரே வருட அறுவடையில் செய்த டானிக்கு ‘கொல்யெய்ட்டா’ என்று பெயர். அது பீப்பாயில் குறைந்தது 7 வருடம் இருக்க வேண்டும்.

விண்டேஜ் என்பது நல்ல வருடத்தின் தேர்ந்த திராட்சையில் செய்து, இரண்டு மூன்று வருடத்துக்குள் பாட்டிலில் அடைத்து, மீதி முதிர்ச்சியைப் பாட்டிலுக்குள் காற்றில்லாமல் நடக்க விடுவது. எல்லா வருடமும் அறிவிக்க மாட்டார்கள், பத்து வருடத்தில் மூன்று முறை போல. 2016, 2017 என்று அடுத்தடுத்த இரண்டு வருடத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் அறிவித்தது அபூர்வம். எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) என்பது ஒரே வருட வைனை 4 முதல் 6 வருடம் கழித்து அடைப்பது. விண்டேஜின் சாயல், எட்டும் விலை.

ஆரம்பிக்க என் சிபாரிசு 10 வருட டானிதான். திறந்தால் அவசரப்படுத்தாது, சுருட்டோடும் ஒத்துப்போகும், பாயசத்துக்குப் பின்னாலும் குடிக்கலாம். வெயில் ஊரில் இருப்பவர்கள் வெள்ளை போர்ட்டில் டானிக் வாட்டரும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்தும் ஆரம்பிக்கலாம். போர்ட்டோ நகரில் மாலை வேளையில் அதைத்தான் சாதாரணமாகக் குடிக்கிறார்கள்.

4. ஷெர்ரி, மடெய்ரா, மார்சாலா எல்லாம்?

ஷெர்ரி தெற்கு ஸ்பெயினில் ஹெரெஸ் நகரைச் சுற்றி, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையில் செய்வது. ஃபீனோவில் 15 சதவீதத்தோடு நிறுத்தினால் வைனின் மேல் ‘ஃப்ளோர்’ என்ற ஈஸ்ட் படலம் ஆடை போலப் படிந்து காற்றைத் தடுக்கும். 17க்கு மேல் ஏற்றினால் அந்தப் படலம் வராது, காற்று பட்டு ஒலொரோசோ ஆகிவிடும். மறுபடியும் காற்றுதான். பெட்ரோ ஹிமெனெஸ் திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்யும் ஷெர்ரி பாகு மாதிரி இருக்கும், ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் மேல் ஊற்றிப் பாருங்கள்.

மடெய்ராவுக்கும் நம் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் வழியில் மடெய்ரா தீவில் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். கம்பெனி காலத்து மதராஸில் வெள்ளைக்காரர் மேஜையில் இது முக்கியமான வைன். வெப்பக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பீப்பாயில் ருசி கூடியிருந்ததைக் கவனித்து, அப்படிப் போய்வந்த வைனைத் தனியாகவே விற்றார்கள். இப்போது கப்பல் வேண்டாம். மலிவான வகையை 45 முதல் 50 டிகிரி சூட்டில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகையைப் பரணில், வெயிலின் சூட்டிலேயே பல வருடம் விடுகிறார்கள். செர்சியால், வெர்தெல்யோ, புவால், மல்வசியா என்று அந்த வரிசையில் இனிப்பு ஏறும். மார்சாலா சிசிலியுடையது. பெரும்பாலும் சமையலறைக்கே போகிறது.

5. எவ்வளவு ஊத்தணும்? ஃப்ரிட்ஜில வைக்கலாமா?

60 முதல் 75 மில்லி போதும். ஆல்கஹால் சாதாரண வைனைவிட ஒன்றரை மடங்கு, ஆனால் இனிப்பு அதைத் தெரியவிடாது. கிளாஸ் விரலளவு இருக்கக் கூடாது. வாய் குறுகிய சிறிய வைன் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால்தான் வாசனை சேர இடம் கிடைக்கும்.

‘அறை வெப்பத்தில் குடி’ என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. டானிக்கு 12 முதல் 14 டிகிரி, ரூபிக்கும் விண்டேஜுக்கும் 16 முதல் 18, ஃபீனோவுக்கு 7 முதல் 9. நம் ஊர் 32 டிகிரியில் போர்ட் குடித்தால் ஸ்பிரிட் மட்டும் மூக்கில் ஏறும். தாராளமாக ஃப்ரிட்ஜில் வையுங்கள், குடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள்.

6. திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

மூன்றாம் பதிலில் சொன்ன காற்றுக் கதை இங்கேதான் உதவும். காற்றே படாமல் வளர்ந்தது காற்று பட்டதும் வாடும், ஏற்கெனவே பழகியது தாங்கும். விண்டேஜ் இரண்டு மூன்று நாள். எல்.பி.வி. நாலைந்து நாள். ரூபி பத்து நாள் போல. டானி மூன்று நாலு வாரம். ஃபீனோ ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் வைத்தால் சப்பென்று ஆகிவிடும். ஒலொரோசோ ஒன்றிரண்டு மாதம். மடெய்ரா மாதக்கணக்கில் அசையாது. சூடும் காற்றும் செய்யக்கூடியதை எல்லாம் அதற்கு முன்பே செய்தாகிவிட்டது.

7. சுருட்டுன்னா கியூபாதான் பெஸ்ட்னு சொல்றாங்க. தடியா இருந்தா ஸ்ட்ராங்கா?

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கட்டு இலை, வெளியே தெரியும் மேலிலை. செடியின் உச்சியில் வெயில் வாங்கிய இலை காரம், அடியிலிருக்கும் இலை லேசு. நிரப்பும் இலைகளை எந்த விகிதத்தில் கலந்தார்கள் என்பதுதான் காரத்தை முடிவு செய்யும், தடிமன் அல்ல. தடிமனை ஒரு அங்குலத்தின் 64இல் எத்தனை பாகம் என்று அளப்பார்கள். ரொபுஸ்டோ என்றால் 50, நீளம் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேலிலை கறுப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், நன்றாகப் பதப்படுத்தி முதிரவிட்ட கறுப்பு மேலிலைகளில் இனிப்புச் சாயல்தான் அதிகம்.

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ நிலம் அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் புரட்சிக்குப் பின் வெளியேறிய விவசாயிகளும் சுற்றுபவர்களும் நிகராகுவா, டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ் என்று போய் வேர்விட்டார்கள். நிகராகுவாவின் எஸ்தெலி ஊர்ச் சுருட்டு இன்று எந்த மேஜையிலும் தலைநிமிர்ந்து நிற்கும். கியூபச் சுருட்டில் போலி மிக அதிகம். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொஹீபா (பிரபல கியூப பிராண்டு) என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அசல் அப்படி வருவதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: 1962 தடை நீடிக்கிறது, பயணிகள் கியூபச் சுருட்டைக் கொண்டுவரத் தந்த சலுகையும் 2020இல் போய்விட்டது.

8. திருச்சி சுருட்டு, யாழ்ப்பாணச் சுருட்டெல்லாம் இதுல சேருமா?

ஏன் சேராது? திண்டுக்கல் வட்டாரப் புகையிலையில் செய்த திருச்சிச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டில் லண்டன் கடைகள் வரை போனது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. யாழ்ப்பாணத்தார் தெற்கு இலங்கையின் ஊர் ஊராகச் சுருட்டுக்கடை வைத்தார்கள். இவை இரண்டு முனையும் திறந்தவை, தலைப்பக்கம் வெட்ட வேண்டாம். காரம் நிறைய, ருசி நேர்ப்போக்கு. மென்மையான டானியோடு வைத்தால் டானி காணாமல் போய்விடும். கனமான ரூபியோடு அரைச் சுருட்டாகப் பிடித்துப் பாருங்கள்.

9. வெட்டறதும் பத்த வைக்கறதும் எப்படின்னு யாராவது காட்டுங்களேன்?

மூடிய முனையைப் பாருங்கள், தொப்பி மாதிரி ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். வெட்டு, அது வளைந்து நேராகும் இடத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் போதும். கத்தி கூர்மையாக இருக்கட்டும், ஒரே அழுத்தில் வெட்டுங்கள். தயங்கினால் இலை கிழியும், அதிகமாக வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே வரும். வெட்டியதும் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று தடையில்லாமல் வர வேண்டும்.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாடை ஒட்டிக்கொள்ளும். கேஸ் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி. குச்சியானால் மருந்து எரிந்து முடியட்டும். சுருட்டை வாயில் வைக்காமல், சாய்வாகப் பிடித்து, தீயின் நுனிக்கு மேலே தொடாமல் சுழற்றுங்கள். விளிம்பு முழுக்கக் கறுத்துச் சிவக்க ஆரம்பித்ததும் வாயில் வைத்து, சுழற்றிக்கொண்டே மூன்று நாலு இழுப்பு. பிறகு எரியும் முனையில் மெல்ல ஊதிப் பார்த்தால் வட்டம் முழுக்கச் சிவப்பாகத் தெரிய வேண்டும். கறுப்பாக நிற்கும் பக்கத்தில் மட்டும் மறுபடி தீ காட்டுங்கள். இந்த ஒரு நிமிடப் பொறுமைதான் அடுத்த முக்கால் மணி நேரம் சுருட்டு ஒருபக்கமாக எரியாமல் காப்பாற்றும்.

சாம்பலைச் சிகரெட் போலத் தட்டாதீர்கள், ஒரு அங்குலம் வரை நிற்கட்டும். சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டையை உடனே உரிக்காதீர்கள், சூட்டில் பசை இளகிய பின் தானே கழன்று வரும். முடிந்ததும் நசுக்க வேண்டாம். தட்டில் வைத்தால் தானாக அணையும், நாற்றமும் குறையும்.

10. போன தடவை தலை சுத்தி வேர்த்துக் கொட்டிடுச்சு. புகையை உள்ள இழுக்கணுமா கூடாதா?

உள்ளே இழுக்கவே கூடாது. வாயில் நிறுத்தி ருசி பார்த்து வெளியே விடுங்கள். உங்களுக்கு வந்தது நிகோடின் மயக்கம். சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) உடையது, அதனால் நுரையீரலுக்குப் போகாமலே வாய்த்தோல் வழியாக நிகோடின் ஏறும். வெறும் வயிற்றில் பிடித்தாலும், அவசரமாக இழுத்தாலும் சீக்கிரம் ஏறும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். தலை லேசாகும்போதே கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, காற்றோட்டமாக உட்காருங்கள். முழுச் சுருட்டையும் முடிக்க வேண்டும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

11. சிகரெட்டை விடச் சுருட்டு பரவாயில்லைனு சொல்றாங்களே, உண்மையா?

பாதுகாப்பானது என்று சொன்னால் அது பொய். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலைகூட இருக்கும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு. மது, புகையிலை இரண்டும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகிறது. இந்தப் பக்கத்தின் தலைப்பே அந்த இரண்டையும் சேர்ப்பதுதான், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். எங்களில் பலர் சுருட்டை எப்போதாவது என்று வைத்திருக்கிறோம், சிலர் தொடுவதே இல்லை. புகைக்காதவர் இதற்காகப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். போர்ட் தனியாகவே நன்றாக இருக்கும்.

பிடிப்பவர்கள் திறந்த வெளியில் பிடியுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம். இந்தியாவில் பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது.

12. எந்த போர்ட்டுக்கு எந்தச் சுருட்டு?

புகை வாயை உலர்த்திக் கசப்பை விடும். போர்ட்டின் இனிப்பும் கனமும் அதைத் துடைத்து அடுத்த இழுப்புக்கு இடம் செய்யும். சாதாரண சிவப்பு வைனில் துவர்ப்பும் சேர்ந்து வாய் இன்னும் காய்ந்துவிடும், அதனால்தான் அது ஒத்து வருவதில்லை. விதி ஒன்றுதான்: இரண்டில் எதுவும் மற்றதை அமுக்கக் கூடாது.

10 அல்லது 20 வருட டானிக்கு, வெளிர்ந்த கனெக்டிகட் மேலிலை போட்ட நடுத்தரச் சுருட்டு. டானியின் கொட்டை வாசனையும் இலையின் மர வாசனையும் ஒரே திசையில் போகும், எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இதுதான். எல்.பி.வி.க்கு கறுத்த மேலிலை போட்ட நிகராகுவா. ஒலொரோசோவும் புவால் மடெய்ராவும் ஏறக்குறைய எதோடும் போகும். ஃபீனோவோடு சுருட்டு வேண்டவே வேண்டாம், உப்பு போட்ட பாதாமோடு குடியுங்கள். நல்ல பழைய விண்டேஜைத் திறந்தால் முதல் கிளாஸ் முடியும் வரை யாரும் பற்றவைக்காமல் இருப்பது மரியாதை. அந்த வாசனைக்கு முப்பது வருடம் காத்திருந்தவர்கள் மேஜையில் இருக்கலாம்.

13. சுருட்டு முனையை போர்ட்ல நனைச்சுப் பிடிக்கலாமாமே?

வேண்டாம். ஈரத்தில் இலை ஊதி இழுப்பு அடைத்துக்கொள்ளும், இரண்டின் ருசியும் கெடும்.

14. சென்னையில சுருட்டை எப்படி வைக்கறது? ஒண்ணுல குண்டூசி ஓட்டை மாதிரி இருக்கு.

அந்த ஓட்டை புகையிலை வண்டு குடைந்தது. இலையில் முட்டை ஏற்கெனவே இருக்கும், சுமார் 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். நம் ஊரில் பெரிய எதிரி சூடுதான். ஓட்டை விழுந்ததைத் தனியே எடுத்து எறியுங்கள். மற்றவற்றைக் காற்றுப்புகாத பையில் மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து வெளியே எடுங்கள். திடீரென்று மாற்றினால் மேலிலை வெடித்துவிடும்.

ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். ஏசி அறையில் திறந்து வைத்தால் காய்ந்து நொறுங்கும், மழைக்காலத்தில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். விலை உயர்ந்த மர ஹியூமிடார் (சுருட்டை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) கட்டாயமில்லை. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஈரப்பதம் காக்கும் 65 அல்லது 69 சதவீதப் பொட்டலம், வீட்டில் குளிர்ந்த ஓர் அலமாரி, அவ்வளவுதான்.

15. ‘லெதர், சிடார், கருப்பு செர்ரி’ன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. நான் என்ன சொல்றது?

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். புதியவர்கள் பேசத் தயங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மேஜையில் புதிய மூக்கு அவர்களுடையதுதான். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் 20 வருட டானியை முகர்ந்துவிட்டு ‘நெய்யில் வறுத்த முந்திரி, அதிரசப் பாகு’ என்றார். மேஜையில் இருந்த எல்லோருக்கும் அந்த நிமிடமே புரிந்தது. கருப்பு செர்ரி சாப்பிட்டே பார்க்காதவர் அதைச் சொல்லி என்ன பயன்?

உதவியாக ஒரு வழி: இனிப்பு எவ்வளவு, புளிப்பு இருக்கிறதா, விழுங்கிய பின் ருசி எத்தனை நேரம் நிற்கிறது என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்து, எங்கே ருசி மாறியது என்று கவனியுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், விலையைக் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

16. மாமா லண்டன்ல இருந்து கொண்டு வந்த போர்ட் ஒண்ணு அலமாரியில இருபது வருஷமா நிக்குது. குடிக்கலாமா, விக்கலாமா?

முதலில் லேபிளைப் பாருங்கள். ரூபியோ டானியோ என்றால் பாட்டிலுக்குள் அது மெருகேறவே இல்லை, அடைத்த அன்று இருந்ததைவிட மங்கித்தான் இருக்கும். வயது போட்ட டானியில் அடைத்த வருடமும் லேபிளில் இருக்கும். ஒரே ஒரு வருடமும் ‘விண்டேஜ்’ என்ற சொல்லும் இருந்தால்தான் யோசிக்க வேண்டிய பாட்டில். அதிலும் படுக்க வைத்துக் குளிர்ச்சியாக வைத்திருந்தால்தான் பலன். நிற்க வைத்தால் தக்கை காய்ந்து காற்று புகும், இருபது சென்னைக் கோடைகளைத் தாண்டியதென்றால் விற்கும் விலை இருக்காது. கழுத்துக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தாலோ தக்கையோரம் கசிந்து பிசுபிசுத்தாலோ எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் திறந்து பாருங்கள், போர்ட் பிடிவாதமான வைன். ஒரு நாள் முழுக்க நேராக நிற்க வைத்து வண்டலை அடியில் இறங்க விடுங்கள். தக்கை உதிர்ந்தால் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டலாம். கழுத்துக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் காட்டி, நிறுத்தாமல் மெல்ல ஜாடிக்கு ஊற்றுங்கள். கறுப்பு வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். முகர்ந்தால் காடி நெடியோ நனைந்த அட்டை வாடையோ வந்தால் கொட்டிவிடலாம். நன்றாக இருந்தால் அன்றைக்கே ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒரு பாட்டில் பத்துக் கிளாஸ் வரும், ஆறாம் பதிலில் சொன்னபடி விண்டேஜுக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது. முதல் கிளாஸ் மாமாவுக்கு.